எழுத்துநிலை மண்டபமும் இன்றைய கலைக்கூடமும்

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்தும், ஆற்றுக்கு அக்கரையிலுள்ள பாசிர் பெனம்பாங் போன்ற மீனவர் ஊர்களிலிருந்தும் சுற்றுலாப் பேருந்துகள் புறப்படுகின்றன. கேமரன் மலை, பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் என்று பயணத் திட்டம் நீளும். கோயில், கடற்கரை, கடைத்தெரு ஆகியவற்றோடு 'கலைக்கூடம்' என்று ஒரு வரியும் அதில் இடம் பெறுவதுண்டு. அந்த வரிக்கு ஒதுக்கப்படும் நேரம் பெரும்பாலும் ஒரு மணிதான். அந்த ஒரு மணியில் கூட்டத்தோடு நுழைந்து, கூட்டத்தோடு நடந்து, கைப்பேசியில் பத்துப் படம் பிடித்துக்கொண்டு, 'ஒன்றும் புரியவில்லை' என்று சொல்லி வெளியேறுவோரே மிகுதி.

இவ்வாறு வெறுங்கையோடு திரும்புவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, கூட்டம். மற்றொன்று, ஓவியத்தின் புதுமை. முன்னது கண்ணை மறைக்கிறது. பின்னது கருத்தை மறைக்கிறது. இவ்விரண்டு தடைகளையும் கடக்க வேறெங்கும் சென்று வழி தேட வேண்டுவதில்லை. தமிழாசிரியர் நாள்தோறும் வகுப்பில் கையாளும் நூல்களிலேயே அதற்கான வழி இருக்கிறது.

பரங்குன்றத்துக் கூட்டம்

கலைக்கூடத்தில் மக்கள் கூட்டமாகச் சென்று ஓவியம் காண்பது மேல்நாட்டிலிருந்து வந்த புதுப் பழக்கம் என்று பலர் எண்ணுகின்றனர். பரிபாடலைப் பயின்றோர் அவ்வாறு எண்ணார். எழுபது பாடல்களாக இருந்த பரிபாடலில் இன்று முழுமையாகக் கிடைப்பவை 22. அவற்றைப் பரிமேலழகர் உரையோடு டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1918இல் பதிப்பித்து வெளியிட்டார். அந்நூலின் பத்தொன்பதாம் பாடல் நப்பண்ணனார் பாடியது. திருப்பரங்குன்றத்து முருகனைப் பாடும் அப்பாடல், மதுரை மக்கள் ஒரு நாள் குன்றுக்குச் சென்று வந்த செய்தியையும் விரித்துரைக்கிறது.

பாண்டியன் செல்கிறான், அவனுடன் மகளிரும் சுற்றமும் செல்கின்றனர், நகரமே பின்தொடர்கிறது. வழி நெருக்கம் மிகுந்தது. குன்றில் சிலர் குரங்குகளுக்குத் தின்பண்டம் தருகின்றனர். சிலர் கருமுகமுடைய முசுக்களுக்குக் கரும்பு தருகின்றனர். கோல சிலாங்கூரின் மலாவத்தி மலையில் கருங்குரங்குகளுக்குப் பயற்றங்காய் நீட்டும் விடுமுறைக் கூட்டத்தைக் கண்டவர்களுக்கு இக்காட்சி சற்றும் அயலாகத் தோன்றாது.

அங்கே ஓவியங்கள் தீட்டப்பெற்ற மண்டபம் ஒன்று இருந்தது. அதனை 'எழுத்துநிலை மண்டபம்' என்று பாடல் குறிக்கிறது. எழுத்து என்பது இங்கே ஓவியத்தைக் குறிக்கும். ஞாயிறும் கோள்களும் விண்மீன்களும் அமைந்த வட்டத்தைச் சிலர் ஆராய்ந்து நோக்குகின்றனர். வேறு சிலர் ஓர் ஓவியத்தின் முன் நின்று, இவர்கள் யாவர் என்று வினவுகின்றனர். உடன் வந்தோர் 'இவள் இரதி, இவன் காமன்' என்று விளக்குகின்றனர். அடுத்த ஓவியத்தில் பூனை வடிவில் இந்திரன் இருக்கிறான், அகலிகை இருக்கிறாள், சினமுற்ற கௌதமன் இருக்கிறான், அவள் கல்லான நிலையும் இருக்கிறது. இவற்றையும் ஒருவர் சுட்டிக்காட்ட மற்றவர் கேட்டறிகின்றனர்.

இக்கூட்டத்தில் ஒரு சிறுமி சுற்றத்தாரைப் பிரிந்து வழி தவறிவிடுகிறாள். அவள் கூவி அழைக்கிறாள். மலைமுழை அக்குரலையே திருப்பி ஒலிக்கிறது. தன்னவர்தாம் விடை தருகின்றனர் என்று நம்பி அவள் அவ்வொலி வந்த பக்கமே மேலும் செல்கிறாள். மாணவர்களைச் சுற்றுலா அழைத்துச் சென்ற ஆசிரியர்கள் இவ்வரிகளைப் படிக்கும்போது நெஞ்சு படபடக்காமல் இருக்க இயலாது.

ஈண்டு நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. பரங்குன்றத்திலும் கூட்டம் இருந்தது. ஆனால் அக்கூட்டம் பார்வைக்குத் தடையாக இல்லை, துணையாக இருந்தது. தெரியாதவர் வினவினர், தெரிந்தவர் விடை கூறினர். ஓவியத்தின் முன் பேச்சு நிகழ்ந்தது. இன்றைய கலைக்கூடத்திலோ கூட்டம் இருக்கிறது. வினாவும் விடையும் இல்லை.

கதை நீங்கிய ஓவியம்

அன்று விடை கூறுவது எளிதாக இருந்தது. ஏனெனில் ஓவியத்திற்குப் பின்னால் அனைவரும் அறிந்த கதை இருந்தது. பூனையைக் கண்டதும் இந்திரன் நினைவுக்கு வருவான். நவீன ஓவியம் இக்கதையைத் துறந்தது. அஃது ஏன் துறந்தது என்பதை அறிந்துகொண்டால் பாதி மயக்கம் தீரும்.

1839இல் பிரான்சில் தாகேரின் புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. உள்ளதை உள்ளவாறே காட்டும் வேலையை ஒரு கருவி மேற்கொண்டது. 1841இல் வண்ணக்குழம்பை அடைத்து வைக்கும் உலோகக் குழாய் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. அதனால் ஓவியர் பட்டறையை விட்டு வயலுக்கும் ஆற்றங்கரைக்கும் எளிதில் செல்ல முடிந்தது. 1874இல் பாரிசில் மோனே முதலியோர் நடத்திய கண்காட்சியில் பொருளின் உருவத்தைவிட அதன்மேல் விழுந்த ஒளியே முதன்மை பெற்றது. 1907இல் பிக்காசோ ஒரே உருவத்தைப் பல கோணங்களிலிருந்து ஒருங்கே கண்டாற்போல் தீட்டினார். இவ்வாறு 'என்ன வரைந்தார்' என்ற வினா பின்னிடைந்து, 'எவ்வாறு கண்டார்' என்ற வினா முன்னே வந்தது. நியூயார்க் நகரில் 1929இல் நவீன ஓவியத்திற்கெனத் தனி அரும்பொருளகம் அமைந்தபோது இம்மாற்றம் நிலைபெற்றுவிட்டது எனலாம்.

தென்கிழக்காசியாவிலும் இம்மாற்றம் தனக்கே உரிய வடிவில் நிகழ்ந்தது. சீனத்திலிருந்து குடிபெயர்ந்து சிங்கப்பூரின் நன்யாங் நுண்கலைக் கழகத்தில் பயிற்றிய ஓவியர் சிலர், சீன மையோவிய மரபையும் ஐரோப்பியப் புதுமுறையையும் இணைத்து இம்மண்ணின் காட்சிகளைத் தீட்டினர். சியோங் சூ பியெங், சென் வென் சி, லியூ காங், சென் சோங் சுவீ ஆகிய நால்வரும் 1952இல் பாலித் தீவுக்குச் சென்று வந்ததும், 1953இல் அப்பயணத்தின் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்ததும் இந்நெறிக்கு அடிப்படையாயின. மலாயாவில் 1958 ஆகஸ்டு 27ஆம் நாள் துங்கு அப்துல் ரகுமான் தேசிய ஓவியக்கூடத்தைத் திறந்துவைத்தார். ஜாலான் அம்பாங்கில் தொடங்கிய அக்கூடம் 1984இல் பழைய மெஜஸ்டிக் ஓட்டல் கட்டடத்திற்கும், 1998இல் ஜாலான் துன் ரசாக்கிலுள்ள இப்போதைய கட்டடத்திற்கும் இடம் மாறியது. சிங்கப்பூரில் பழைய உச்ச நீதிமன்றமும் நகர மண்டபமும் இணைக்கப்பட்டு 2015 நவம்பரில் தேசிய கலைக்கூடம் திறக்கப்பட்டது. தோட்டப்பள்ளிச் சுற்றுலாக்கள் எளிதில் சென்றடையக்கூடிய பெருங்கூடங்கள் இவ்விரண்டுமே.

கூட்டம் கண்ணை என்ன செய்கிறது?

பாரிசின் லூவர் அரும்பொருளகத்திற்கு 2024இல் ஏறக்குறைய 87 இலட்சம் பேர் வந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் நாடி ஓடுவது மோனா லிசா ஓவியத்தை. அதன் உயரம் 77 சென்டிமீட்டர். அகலம் 53 சென்டிமீட்டர். அதே அறையில் எதிர்ச்சுவரில் வெரோனேசே 1563இல் முடித்த கானாவூர்த் திருமண ஓவியம் தொங்குகிறது. அஃது ஏறக்குறைய ஏழு மீட்டர் உயரமும் பத்து மீட்டர் அகலமும் உடையது. அதற்கு முதுகு காட்டிக்கொண்டு நின்று, சிறிய ஓவியத்தைத் தலைகளின் மேலாகப் படம் பிடிக்கிறது கூட்டம். கருவறையை நோக்கி முண்டியடிக்கும் கூட்டம் தூணிலுள்ள சிற்பத்தைக் காணாது செல்வதை ஒத்தது இது.

ஓவியம் ஒன்றின் முன் மக்கள் எவ்வளவு நேரம் நிற்கின்றனர் என்பதை அளந்தும் பார்த்திருக்கின்றனர். நியூயார்க் மெட்ரோபாலிடன் அரும்பொருளகத்தில் ஜெஃப்ரி சுமித்தும் லிசா சுமித்தும் நடத்தி 2001இல் வெளியிட்ட ஆய்வில், ஓர் ஓவியத்திற்குச் செலவான சராசரி நேரம் 27 வினாடி. புகழ்பெற்ற ஓவியங்களின் முன்னேயே இந்த அளவுதான். விளக்கச் சீட்டைப் படிக்கும் நேரமும் இதனுள் அடங்கும்.

நேரம் மட்டுமன்று, உடலும் ஒத்துழைப்பதில்லை. போஸ்டன் நகர அரும்பொருளகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் கில்மன் 1916இலேயே 'அரும்பொருளகக் களைப்பு' பற்றி எழுதினார். காட்சிப்பொருளைக் காண ஒருவர் எவ்வாறெல்லாம் குனிந்தும் வளைந்தும் துன்புறுகிறார் என்பதைப் புகைப்படங்களால் காட்டினார். எனவே ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் காண முனைவோர், இறுதியில் எதையும் காணாதவராகவே வெளியேறுவர்.

கைப்பேசியும் இதற்கு மருந்தன்று. அமெரிக்க உளவியலாளர் லிண்டா ஹெங்கல் 2014இல் வெளியிட்ட ஆய்வில், கலைக்கூடப் பொருளை முழுமையாகப் படம் பிடித்தவர்கள், வெறுமனே நோக்கியவர்களைவிடக் குறைவாகவே அதனை நினைவில் கொண்டிருந்தனர். கருவி பார்த்துக்கொள்ளும் என்று மனம் ஓய்ந்துவிடுகிறது. ஆனால் பொருளின் ஒரு சிறு பகுதியை மட்டும் நெருக்கமாகப் படம் பிடித்தோர்க்கு இக்குறை நேரவில்லை. ஏதேனும் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் முதலில் உற்றுநோக்க வேண்டியிருக்கிறதன்றோ!

உற்றுநோக்குதல் என்றால் என்ன என்பதைக் கோல சிலாங்கூர் மாணவர்களுக்குத் தனியே கற்பிக்க வேண்டுவதில்லை. கம்போங் குவாந்தான் ஆற்றங்கரையில் பெரம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒளிர்வதைக் காண அயல்நாட்டாரும் வருகின்றனர். அங்கே படகைத் துடுப்பால் செலுத்துகின்றனர்; பளிச்சிடும் விளக்கோடு படம் பிடிக்க விடுவதில்லை. வெளிச்சத்திலிருந்து வந்தவர்க்கு முதலில் இருளே தெரியும். கண்ணின் விழித்திரை இருளுக்கு முற்றும் பழக இருபது முப்பது நிமிடங்கள் ஆகும். பொறுத்திருப்பவர்க்கு மரம் முழுதும் விண்மீன் பூத்தாற்போல் ஒளி புலனாகும். ஓவியத்தின் முன் பழக வேண்டுவது விழித்திரையன்று, மனம். ஆயினும் காத்திருக்க வேண்டும் என்ற பாடம் ஒன்றே.

முதல், கரு, உரி

காத்திருக்கும்போது எதை நோக்குவது? இங்குத்தான் தொல்காப்பியம் கைகொடுக்கிறது. அகப்பாட்டைப் பயில்வோர் அதில் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என மூன்றைத் தேடுகின்றனர். முதல் என்பது நிலமும் பொழுதும். கரு என்பது அந்நிலத்துக்குரிய மரம், விலங்கு, உணவு, தொழில் முதலியன. உரி என்பது அவற்றினூடே வெளிப்படும் உணர்வு. இம்முறையைப் பாட்டுக்கு மட்டும் உரியதென்று ஒதுக்க வேண்டுவதில்லை. ஓவியத்திற்கும் இது நன்கு பொருந்தும்.

சியோங் சூ பியெங் 1978இல் தீட்டிய 'உப்புமீன் உலர்த்தல்' என்னும் ஓவியத்தை எடுத்துக்கொள்வோம். 1917இல் சீனத்தின் அமாய் நகரில் பிறந்து, 1946இல் சிங்கப்பூருக்கு வந்து, 1983இல் மறைந்தவர் அவர். இவ்வோவியம் சிங்கப்பூர்த் தேசிய கலைக்கூடத்தின் உடைமை. 1999இல் வெளியான சிங்கப்பூரின் ஐம்பது வெள்ளித் தாளின் பின்புறத்திலும் இடம் பெற்றது. வீடும் மரமும் சூழ்ந்த சிற்றூர் ஒன்றில் மக்கள் மீன் உலர்த்துகின்றனர். நிலம் எது? நெய்தல். பொழுது எது? நிழலையும் வண்ணத்தையும் கண்டு மாணவர் கூறட்டும். கருப்பொருள் யாவை? மீன், மரம், வீடு, தொழில். மீன் உணக்கலும், உணங்கும் மீனைக் கவரவரும் புள்ளை ஓப்பலும் நெய்தலுக்குரிய தொழில்கள் என்று அகப்பொருள் இலக்கணம் வகுத்திருப்பதை ஆசிரியர் இங்கே நினைவூட்டலாம்.

இனி உரிப்பொருள். நெய்தலுக்கு இரங்கல் உரியது என்பது இலக்கணம். இவ்வோவியத்தில் இரக்கம் இருக்கிறதா? மனித உருவங்கள் நீண்டு மெலிந்திருக்கின்றன. இந்தோனேசிய நிழற்கூத்துப் பாவைகளை நினைவூட்டுகின்றன. ஓவியர் உடலின் அளவை அறியாமல் நீட்டவில்லை, வேண்டுமென்றே நீட்டினார். அதனால் பாரமான வேலைகூட நடனம்போல் தோன்றுகிறது. அப்படியானால் இங்கே உரிப்பொருள் இரங்கலா, அமைதியா?

பாசிர் பெனம்பாங்கிலிருந்து வரும் மாணவன் இவ்விடத்தில் அமைதியாக இருக்கமாட்டான். உப்புமீன் உலர்த்துவது எப்படிப்பட்ட வேலை என்பது அவனுக்குத் தெரியும். நாற்றம் எங்கே, ஈ எங்கே, முதுகைச் சுடும் வெயில் எங்கே, மழை வந்தால் அள்ளிக்கொண்டு ஓடும் பரபரப்பு எங்கே என்று அவன் கேட்பான். கேட்கட்டும். அது அறியாமைக் கேள்வியன்று; திறனாய்வாளர் கேட்க வேண்டிய கேள்வி. ஓவியர் எதனை விலக்கினார், எதற்காக விலக்கினார் என்ற ஆராய்ச்சிக்கு அதுவே வாயில். நகரத்துப் பார்வையாளர் பலர்க்கு வாய்க்காத அறிவு அவனுக்கு வாய்த்திருக்கிறது. அதனை அவன் உணருமாறு செய்வதே அந்தப் பயணத்தின் பெரும்பயன்.

கரும்பலகையில் ஒரு வினா

ஆசிரியர்கள் தவறாது காணத்தக்க மற்றோர் ஓவியம், சுவா மியா டீ 1959இல் தீட்டிய 'தேசிய மொழி வகுப்பு'. சிங்கப்பூர் தன்னாட்சி பெற்ற ஆண்டு அது. மலாய் அங்கே தேசிய மொழியாயிற்று. வட்ட மேசையைச் சுற்றி மாணவர்கள் அமர்ந்து மலாய் பயில்கின்றனர். கரும்பலகையில் 'சியாப்பா நாமா காமு' என்று எழுதியிருக்கிறது. 'உன் பெயர் என்ன' என்பது பொருள். நீ வாழும் இடம் எது என்பது அடுத்த வினா. புதுமொழி பயில்வோர்க்கு முதல்நாள் கற்பிக்கும் மிக எளிய தொடர்கள் இவை.

உரிப்பொருளைத் தேடும்போது அவ்வெளிமை மறைந்துவிடுகிறது. புதிதாகப் பிறக்கும் ஒரு நாடு தன் மக்களை நோக்கி, நீ யார், உன் இடம் எது என்று கேட்கும் கேள்வியாக அது மாறுகிறது. 2015இல் சிங்கப்பூர்த் தேசிய கலைக்கூடம் திறந்தபோது, சிங்கப்பூர் ஓவிய வரலாற்றைக் கூறும் காட்சிக்கு அக்கரும்பலகைத் தொடரையே தலைப்பாக வைத்தனர். இந்த ஓவியத்தில் உருவங்கள் உள்ளவாறே இருக்கின்றன. கை கால்கள் நீளவில்லை. ஆகவே உருவம் மாறினால்தான் நவீன ஓவியம் என்பதும் சரியன்று. பொருளை எந்த நோக்கோடு கண்டார் என்பதிலேயே புதுமை தங்கியிருக்கிறது.

இந்திய மரபைத் தேடுவோர்க்கும் இக்கூடங்கள் ஏமாற்றம் தருவதில்லை. இராமநாதபுரத்து அழகன்குளத்தில் 1943இல் பிறந்து, சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் பயின்று, மலேசிய ஓவியராகப் புகழ்பெற்றவர் சையத் தாஜுதீன். 1970களின் தொடக்கத்தில் இராமாயணக் காட்சிகளைப் பெரிய ஓவியங்களாகத் தீட்டினார். பரங்குன்றத்து மக்களைப்போல் 'இவன் அனுமன்' என்று மாணவர்கள் சுட்டி மகிழ அவை இடம் தரும்.

உருவமற்றதும், வெறுங்கூண்டும்

உருவமே இல்லாத ஓவியம் வரும்போது மாணவர்கள் நகைப்பர். 'இதை என் தம்பியும் வரைவான்' என்ற குரல் எழும். வாசலில் இடும் கோலத்தை அப்போது நினைவூட்ட வேண்டும். புள்ளி வைத்து, கோட்டை வளைத்து இட்ட சிக்குக் கோலத்தைக் கண்டு 'இது எந்தப் பொருளின் படம்' என்று எவரும் வினவுவதில்லை. கோட்டின் ஓட்டத்தையும் ஒழுங்கையும் கண்டு மகிழ்கின்றனர். உருவம் இல்லாத அழகைத் தமிழ்க் குழந்தை நடைபழகும் பருவத்திலேயே மிதித்துவிடாமல் தாண்டக் கற்கிறது. மேலும், முதலும் கருவும் இல்லாமல் உரிப்பொருள் மட்டுமே கொண்டு நிற்கும் பாட்டும் உண்டு என்பதை இலக்கணம் பயின்றோர் அறிவர். உருவமற்ற ஓவியம் அவ்வகையைச் சேர்ந்தது. அதன்முன் நின்று 'எது' என்று கேட்பதைவிட, 'விரைவா, அமைதியா; கனமா, இலேசா; வெம்மையா, தண்மையா' என்று கேட்பதே முறை.

இதனினும் கடினமான வகை ஒன்று உண்டு. 1974இல் ரெட்சா பியதாசாவும் சுலைமான் ஈசாவும் கோலாலம்பூர் டேவான் பகாசா டான் புஸ்தாகாவில் ஒரு காட்சி நடத்தினர். பாதி குடித்த கொக்கோ-கோலா புட்டிகளும், பறவையைப் பறக்கவிட்ட பின் எஞ்சிய வெறுங்கூண்டும் அங்கே கலைப்பொருள்களாக வைக்கப்பட்டன. அதற்கு முந்திய ஆண்டில், பினாங்கில் பிறந்த நிர்மலா தத் சண்முகலிங்கம், சுற்றுப்புறம் மாசுபடுவதைப் புகைப்படங்களும் ஆவணங்களும் கொண்டு கலையாக்கினார். 'இவையும் கலையா' என்று அன்றே வாதம் எழுந்தது, இன்றும் ஓயவில்லை. இவற்றைக் கண்டு கட்டாயமாக வியக்க வேண்டும் என்று மாணவரை வற்புறுத்தலாகாது. அழகில்லை என்று கூறவும் அவர்க்கு உரிமை உண்டு. ஆனால் காரணம் கூற வேண்டும். வெறுங்கூண்டைக் கண்ட மாணவி ஒருத்தி, பறவை எங்கே போயிற்று, எப்போது போயிற்று என்று எண்ணத் தொடங்கினாலே அக்கூண்டு தன் வேலையைச் செய்துவிட்டது.

மூன்று வினாக்கள்

காரணம் கேட்கும் இம்முறையை அமெரிக்காவில் அபிகேல் ஹவுசனும், நியூயார்க் நவீனக் கலை அரும்பொருளகத்தில் கல்விப் பொறுப்பில் இருந்த பிலிப் யெனவைனும் வகுத்துப் பரப்பினர். இப்படத்தில் என்ன நடக்கிறது? எதனைக் கண்டு அவ்வாறு கூறுகிறாய்? இன்னும் என்ன காண்கிறாய்? இவை மூன்றே அவர்கள் வகுத்த வினாக்கள். இரண்டாம் வினா தமிழுலகத்திற்குப் புதிதன்று. சொல்லுக்குப் பொருள் கூறி, அப்பொருள் அங்ஙனம் கொள்வதற்குச் சான்றும் காட்டுவதே உரையாசிரியர் மரபு. பரிமேலழகர் காட்டிய வழியில் ஓவியத்திற்கும் உரை காணலாம்.

உரை காணச் சொற்கள் வேண்டும். விளக்கச் சீட்டுகளில் பெரும்பாலும் தமிழ் இல்லை. எனவே புறப்படுமுன் சில சொற்களை வகுப்பில் பழக்கிவிட வேண்டும். தூரிகை, வண்ணக்குழம்பு, கோடு, ஒளி, நிழல், வெளி, உருவோவியம், நிலக்காட்சி, அருவ ஓவியம் என்பன போதும். வண்ணம் தீட்டாத கோட்டோவியத்தை நெடுநல்வாடையும் மணிமேகலையும் 'புனையா ஓவியம்' என்று குறிப்பதை அறிந்தால், சுவரில் ஒரு கரிக்கோட்டுப் படத்தைக் காணும் மாணவன் அதற்குரிய சொல்லைத் தன் மொழியிலேயே கண்டுகொள்வான்.

செல்லுமுன் செய்ய வேண்டியவை

கூட்டத்தைக் குறைப்பது எவர் கையிலும் இல்லை. கூட்டத்தில் அகப்படாமல் இருப்பது திட்டமிடுவோர் கையில் உள்ளது. பொது விடுமுறை நாளையும் வார இறுதியையும் தவிர்த்து, கூடம் திறக்கும் நேரத்திலேயே சென்றுவிடுதல் நலம். கூட்டம் நுழைவாயிலை அடுத்த அறைகளில் தேங்கும். ஆகவே மேல் மாடியிலிருந்தோ கடைசி அறையிலிருந்தோ தொடங்கலாம். சுவரிலுள்ள ஓவியங்கள் அவ்வப்போது மாற்றப்படும். எனவே விரும்பிய ஓவியம் அன்று காட்சியில் உள்ளதா என்று முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.

ஒரு பயணத்திற்கு ஐந்து ஓவியங்கள் போதும். நாற்பது மாணவர்களை எட்டெட்டுப் பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் ஓர் ஓவியத்தின் முன் பத்து நிமிடம் நிற்குமாறு செய்யலாம். முதலில் எட்ட நின்று காணட்டும். பின்பு அனுமதிக்கப்பட்ட எல்லைவரை அணுகிக் காணட்டும். விளக்கச் சீட்டை இறுதியில் படிக்கட்டும். கைப்பேசிக்கு மாற்றாகப் பென்சிலும் சிறு ஏடும் கையில் இருக்கட்டும். பின்னர் ஒரு குழு மற்றொரு குழுவை அழைத்து வந்து தன் ஓவியத்தை விளக்க வேண்டும். பரங்குன்றத்தில் நிகழ்ந்ததும் இதுவே. வழி தவறிய சிறுமியின் கதையையும் மறந்துவிடலாகாது. உள்ளே நுழைந்தவுடன், எல்லார்க்கும் தெரியக்கூடிய ஓரிடத்தைக் காட்டி, 'பிரிந்தால் இங்கே வந்து நில்' என்று சொல்லிவைக்க வேண்டும்.

யாருக்குரிய இடம்?

பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியுவும் அலென் தார்பெலும் ஐரோப்பிய அரும்பொருளகப் பார்வையாளரை ஆராய்ந்து 1966இல் ஒரு நூல் வெளியிட்டனர். கலைக்கூடத்திற்கு வருவோரையும் வராதோரையும் பிரிப்பது நுழைவுக் கட்டணமன்று, அவர்கள் பெற்ற கல்வியே என்பது அவர்கள் கண்ட முடிபு. கதவு திறந்தே இருக்கிறது. ஆனால் அது தனக்காகத் திறந்திருக்கிறது என்று எண்ணுவதற்குப் பயிற்சி வேண்டியிருக்கிறது. வீட்டில் அப்பயிற்சி கிடைக்காத குழந்தைக்கு அதனைத் தரக்கூடிய இடம் பள்ளி ஒன்றே.

தோட்டப்புறத்துக் குழந்தை கலைக்கூடத்தின் பளிங்குத் தரையில் காலடி வைக்கும்போது, குரலைத் தாழ்த்திக்கொண்டு, பிறர் எங்கே நிற்கின்றனரோ அங்கே நின்று, பிறர் நகரும்போது நகர்ந்துவிடுகிறது. இஃது அடக்கம்போல் தோன்றினும் அடக்கமன்று; இவ்விடம் தனக்குரியதன்று என்ற எண்ணமே. அவ்வெண்ணத்தை ஓர் அறிவுரையால் போக்கிவிட இயலாது. தனக்குத் தெரிந்த ஒன்றை அந்தச் சுவரில் அக்குழந்தை கண்டுகொள்ள வேண்டும். அதைப்பற்றிப் பிறர்க்கு எடுத்துரைக்க வேண்டும். உப்புமீனின் நாற்றம் அறிந்தவன், கோலத்தின் வளைவு அறிந்தவள், பால்மரத்தில் சாய்வாக இறங்கும் வெட்டுக்கோட்டைப் பாட்டியின் பேச்சில் கேட்டு அறிந்தவன் ஆகிய இவர்கள் அந்தச் சுவர்களின் முன் வெறுங்கையர் அல்லர்.

பரிபாடலில் 'இவள் இரதி' என்று விடை கூறியவர் இன்னார் என்று நப்பண்ணனார் குறிக்கவில்லை. அவர் புலவராக இருக்க வேண்டுவதில்லை. அரசவையைச் சேர்ந்தவராகவும் இருக்க வேண்டுவதில்லை. கூட்டத்தில் அறிந்த ஒருவர், அறியாத மற்றவர்க்குச் சொன்னார், அவ்வளவே. அடுத்த விடுமுறையில் சிங்கப்பூருக்கோ கோலாலம்பூருக்கோ செல்லும் பேருந்தில், அவ்வாறு சொல்லக்கூடிய மாணவர் எட்டுப் பேரேனும் இருப்பார்களானால், அந்த ஒரு மணி நேரம் வீணாகாது.